மணலில் மாணவர்கள், கடலில் யார்?

சென்னையின் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.எஸ்.டி.சி.என். என்று அழைக்கப்படும் இந்தத் தன்னார்வக் குழு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரையில் நகரின் கடற்கரையில் இரவிரவாக நடக்கிறது. கரையேறி முட்டையிட்டுச் செல்லும் ஆமைகளின் தடங்களைத் தேடிப் பிடித்து, முட்டைகளை எடுத்துவந்து பாதுகாப்பான மணலில் மறுபடியும் புதைத்து, பொரிக்கும் குஞ்சுகளைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நடப்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, பகலில் அலுவலகம் போகிறவர்கள் உண்டு, பணி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ஆர்வம் வடிந்ததும் கலைந்துவிடும் குழுக்களே அதிகம் உள்ள ஒரு துறையில், முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் இந்த நடை நிற்காமல் இருப்பது சாதாரண விஷயமல்ல.

இவர்கள் தேடுவது ஆலிவ் ரிட்லி ஆமை. தமிழில் இதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். முழுவளர்ச்சி அடைந்த ஆமையின் ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் நீளமும், உடல் 35 முதல் 45 கிலோ எடையும் இருக்கும். இந்தியக் கடலில் ஐந்து வகைக் கடல் ஆமைகள் உண்டு. சென்னைக் கரையில் முட்டையிட வருபவை ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வகைதான். ஒடிஷாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில இரவுகளுக்குள் லட்சக்கணக்கில் ஒன்றாகக் கரையேறி முட்டையிடுவதும் இதே இனம்தான். சென்னையில் அப்படிப்பட்ட கூட்டம் கிடையாது. இங்கே ஒவ்வோர் ஆமையும் தனித்தனியாக, ஆளுக்கொரு இடத்தில், எந்த இரவில் என்று சொல்ல முடியாதபடி வருகிறது. ஒரு குறிப்பிட்ட கடற்கரைத் துண்டைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்தால் போதும் என்ற வழி ஒடிஷாவில் ஓரளவு செல்லுபடியாகும், சென்னையில் ஆகாது. கிலோமீட்டர் கணக்கில் யாராவது நடந்தே ஆக வேண்டும். இந்த அமைப்பு பிறந்ததற்கும் நீடிப்பதற்கும் அடிப்படைக் காரணம் அதுவே.

நடை தொடங்கிய கதை

இந்த நடைக்கு 1988-க்கு முந்தைய வரலாறும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில், அப்போதைய மெட்ராஸ் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். ஆமை முட்டை அப்போது தாராளமாகத் தோண்டி விற்கப்பட்ட பண்டம். அவர்கள் கூட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே பெரும்பாலான இடங்களில் முட்டை போயிருக்கும். மிஞ்சியவற்றை எடுத்துவந்து காப்பாற்றச் சிறிய பொரிப்பகம் ஒன்றை அமைத்தார்கள். இந்தியாவில் கடல் ஆமைப் பாதுகாப்பு என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கப் புள்ளிகளில் சென்னைக் கடற்கரையும் ஒன்று.

அந்தக் குழுவில் வளர்ந்தவர்களில் சதீஷ் பாஸ்கரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போனார். இந்தியாவின் கடற்கரைகளையும் அந்தமான், லட்சத்தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். 1982-ல் பருவமழைக் காலம் முழுவதும் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவொன்றில் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். எந்த ஆமை எங்கே முட்டையிடுகிறது என்ற அடிப்படைத் தகவலே இந்த நாட்டில் அப்படி நடந்த கால்களால்தான் கிடைத்தது. அவர் 2023-ல் காலமானார்.

பிறகு தமிழ்நாடு வனத் துறை பொரிப்பகப் பணியைக் கையில் எடுத்து 1980-களின் பிற்பகுதி வரை நடத்தியது. அது நின்றபோது ஏற்பட்ட வெற்றிடத்தில்தான் மாணவர்கள் இறங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் சூழலியல் பேராசிரியராகி, இந்தியக் கடல் ஆமை ஆய்வில் முக்கியமான பெயராக ஆனார். மற்றவர்கள் ஆசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் வேறு தொழில்களிலும் சிதறிப்போனார்கள். அவர்கள் இடத்துக்கு அடுத்த ஆண்டு மாணவர்கள் வந்தார்கள். வனத் துறையின் அனுமதியோடு பணி தொடர்ந்தது.

ஓர் இரவில் நடப்பது

நடை பொதுவாக இரவு பதினொரு மணிக்கு மேல் நீலாங்கரையில் தொடங்கி, கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை வரும். சுமார் 7 கிலோமீட்டர். அடையாறு முகத்துவாரத்துக்கு வடக்கே, பட்டினப்பாக்கத்திலிருந்து மெரினா பக்கமும் இன்னொரு குழு நடக்கும். அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈர மணலை ஒட்டியே நடப்பார்கள். ஆமை கடலிலிருந்து ஏறினாலும், திரும்பி இறங்கினாலும் அந்தக் கோட்டைக் கடந்தாக வேண்டும் என்பதுதான் காரணம். டார்ச் அடிப்பதில்லை. சில நிமிடங்களில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். நகரத்தின் வெளிச்சமே தடத்தைப் பார்க்கப் போதுமானது.

பங்குனி ஆமையின் தடம் இரண்டடிக்கும் கூடுதலான அகலத்தில், டிராக்டர் சக்கரம் போன ஒற்றைத் தடம்போல மணலில் பதிந்திருக்கும். இந்த ஆமை முன்துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி நகர்வதால் இரு பக்கப் பதிவுகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் முன்பின்னாக விழும். ஏறிய தடம், இறங்கிய தடம் என இரண்டு இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆனால், கூடு அந்தக் கலைந்த மணலின் எந்த மூலையில் இருக்கிறது என்பது மேலே பார்த்தால் தெரியாது. முட்டையிட்ட பிறகு ஆமை மணலை அள்ளி மூடி, உடலை இடமும் வலமுமாகச் சாய்த்துத் தட்டி இறுக்கி, சுற்றிலும் மணலை வீசிவிட்டுத்தான் போகும். ஒரு மெல்லிய கம்பியை மணலில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் கம்பி தடுக்கும். கூட்டின் கழுத்துக்கு நேர் மேலே மட்டும் சட்டென்று கீழே இறங்கும். கம்பி முட்டையைத் துளைத்துவிடக் கூடாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எழுதிவைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. பழகிய கை ஒன்றின் பக்கத்தில் பல இரவுகள் உட்கார்ந்துதான் வரும்.

இடம் தெரிந்ததும் கையாலேயே தோண்டுவார்கள். கழுத்து குறுகலாகவும் அடிப்பகுதி அகன்றும் உள்ள குழி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். உள்ளே நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இருக்கும். கோழிமுட்டை ஓடு போலக் கடினமாக இல்லாமல், தோல் போல மெத்தென்று, அழுத்தினால் லேசாகக் குழியும். ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைப்பார்கள். குழியின் ஆழம், அகலம், உயர் அலைக் கோட்டிலிருந்து உள்ள தூரம், நேரம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். ஆமையே கண்ணில் பட்டுவிட்டால் எல்லோரும் அதன் பின்புறமாகத் தள்ளி, சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். தோண்டும்போது தொந்தரவு ஏற்பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிவிட்டால் அவ்வளவு எளிதில் எழாது. அப்போது அதன் கண்ணில் வழிவது அழுகையல்ல. உடலில் சேர்ந்த உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது.

எடுத்த முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் மறுபடி புதைத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக, முட்டைக்குள் கரு ஓட்டின் உள்பக்க மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு பிய்ந்து இறந்துவிடும். அதனால்தான் விடிந்த பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பையை ஆட்டாமல், அதே இரவில், விடியும் முன்பே பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே தாய் தோண்டிய குழியின் அதே ஆழத்திலும் அதே வடிவிலும் கையால் குழி தோண்டி முட்டைகளை இறக்கி மூடுகிறார்கள்.

பொரிப்பகம் ஏன்?

ஆமை தானே தேர்ந்தெடுத்த இடத்தில் முட்டையை விட்டுவைப்பதுதான் சிறந்தது. உலகெங்கும் ஆமை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும் கொள்கை அது. பொரிப்பகம் கடைசி வழி. முட்டையை எடுத்து இடம் மாற்றுவதில் சேதாரம் உண்டு. ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடுகளைப் புதைத்தால் நோய்த்தொற்றும் உண்டாகலாம். சென்னையில் அந்தக் கடைசி வழி தவிர்க்க முடியாததாகிவிட்டது என்பதுதான் நிலைமை.

முட்டைத் திருட்டு அன்று போல இன்று இல்லை. அந்த இடத்தைத் தெருநாய்கள் பிடித்துக்கொண்டன. ஒரு கூட்டை மோப்பம் பிடித்துத் தோண்டிவிட்டால் ஒரே இரவில் எல்லாம் முடிந்தது. கரை அரிக்கப்பட்டு மணற்பரப்பு ஒடுங்கிய இடங்களில், ஆமை அலைக்கு மிக அருகிலேயே முட்டையிட்டுவிட்டுப் போகிறது. அடுத்த பெரிய அலையில் கூட்டுக்குள் உப்புநீர் புகுந்துவிடும். இவை இரண்டையும் விட மோசமானது மின்விளக்கு.

குஞ்சுகள் பொரிந்து, மேல் மணல் குளிர்ந்த இரவு நேரத்தில் ஒன்றாக முட்டிமோதி மேலே வரும். வந்ததும் வெளிச்சம் அதிகமுள்ள அடிவானத்தை நோக்கி ஓடும். மனிதர் விளக்கேற்றாத கடற்கரையில் அந்த வெளிச்சம் கடல்தான். நிலவும் நட்சத்திரங்களும் நீரில் பட்டுத் தெறிக்க, கரைப்பக்கம் இருண்டிருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிசகாத வழிகாட்டி அது. சென்னையில் கடல் இருட்டாகவும் கரை பளிச்சென்றும் இருக்கிறது. குஞ்சுகள் நேரே சாலையை நோக்கி, தெருவிளக்கை நோக்கி, பங்களாக்களின் தோட்ட விளக்கை நோக்கிப் போகின்றன. விடிந்தால் காக்கை, வெயில், கார்ச்சக்கரம். முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சம் கண்டு கரையேறாமலே திரும்பிவிடுவது உண்டு. மிக உயரமான கம்பங்களில் கடலைப் பார்த்து நிறுவப்படும் விளக்குகளால் பெண்களின் பாதுகாப்புக்கோ மீனவரின் வேலைக்கோ பெரிய பயன் எதுவும் இல்லை. தரையைப் பார்த்துக் கவிழ்ந்த, மறைப்பு போட்ட, மஞ்சள் நிற விளக்குகள் அந்த வேலையைச் செய்யும். ஆமைக்கும் அவ்வளவு தொல்லை தராது. சொற்பச் செலவில் முடியக்கூடிய இந்த மாற்றம் கடற்கரை முழுவதும் இன்னும் நடக்கவில்லை என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பொரிப்பகத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வெப்பம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியஸ் ஒரு நடுக்கோடு. அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே போனால் ஆண் குஞ்சுகள் கூடும். இன்னும் சூடேறினால் முட்டை பொரிக்காமலே வெந்துபோகும். மார்ச், ஏப்ரல் சென்னை வெயிலில் இது வெறும் புத்தகக் கவலை அல்ல. பருவத்தின் பிற்பகுதியில் பொரிப்பகத்துக்கு மேலே நிழல் போடுவது இதற்காகத்தான். புவி வெப்பம் கூடும்போது, எந்தக் கையும் படாத கூடுகளுக்கும் இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

நாற்பத்தைந்து நாள்களுக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டின் மீதும் கூடையைக் கவிழ்த்துவைப்பார்கள். பொரித்துவரும் குஞ்சுகள் வழிதவறாமல் அதற்குள் நிற்கும். அவற்றை எடுத்துக்கொண்டு போய் நேராக நீரில் போடுவதில்லை. அலைக்குச் சில அடிகளுக்கு முன்பே மணலில் இறக்கிவிடுகிறார்கள். குஞ்சு தானே நடந்து கடலில் இறங்க வேண்டும். பெண் ஆமை பல ஆண்டுகள் கழித்துத் தான் பிறந்த கரைப்பகுதிக்கே திரும்பி வருகிறது. பூமியின் காந்தப்புலம் அதற்கு வழிகாட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நினைவு பதிவதில் இந்த முதல் நடைக்கும் பங்கு இருக்கலாம் என்பதால் அதைக் கெடுக்காமல் விடுகிறார்கள்.

நகரத்துக்குக் கிடைத்தது

வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் இந்த நடையில் சேர்ந்துகொள்ளலாம். முப்பத்தைந்து ஆண்டுகளில் சென்னையில் இப்படி நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பலர் ஓர் ஆமையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த ஏழு கிலோமீட்டரில் அவர்கள் பார்ப்பது நிறைய. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த ஆமை, குழி நண்டு, அரித்துப்போன மணல், முகத்துவாரத்தில் கலக்கும் சாக்கடை, அதிகாலையில் படகைத் தள்ளும் ஊரூர் குப்பத்து மீனவர்கள். கடற்கரை என்றால் சுண்டலும் காற்றும் என்று மட்டுமே இருந்த மனத்தில் வேறொரு கடற்கரை வந்து உட்காருகிறது. இந்த அமைப்பின் பெரிய சாதனை கடலில் விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையைவிட இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. பெசன்ட் நகரில் குஞ்சுகள் விடும் மாலைகளில் கூடும் குழந்தைகளின் கூட்டமே இதற்குச் சாட்சி.

இரண்டாவது லாபம் பதிவேடு. எந்த இரவில், எந்த இடத்தில், எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது என்று பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ச்சியான கணக்கு இருக்கிறது. ஒரே கடற்கரையைப் பற்றி இவ்வளவு நீண்ட பதிவு இந்தியாவில் அபூர்வம். மெரினாவையும் பெசன்ட் நகரையும் இணைத்துத் தெற்கே நீளும் உயர்மட்டச் சாலை ஒன்றைக் கடற்கரையோரமாகக் கட்டும் யோசனை 2000-களின் இறுதியில் எழுந்தபோது, மீனவர் குப்பங்களோடு சேர்ந்து எதிர்த்தவர்களில் ஆமை நடையில் பழகியவர்களும் இருந்தார்கள். அந்தச் சாலை வரவில்லை.

இந்த அமைப்பைப் பார்த்து வேறு முயற்சிகளும் முளைத்தன. 2002-ல் நீலாங்கரையில் தொடங்கப்பட்ட ட்ரீ அறக்கட்டளை வேறொரு பாதையைத் தேர்ந்தெடுத்தது. மீனவ இளைஞர்களையே பயிற்சி கொடுத்து ஆமைக் காவலர்களாக்கி, நகரத்துக்குத் தெற்கே பல மீனவக் கிராமங்களில் பணியை விரித்தது. கரையில் வாழ்பவர்களே கரையைக் காப்பது நீண்ட காலத்தில் உறுதியான ஏற்பாடு. மாணவர் நடைக்கு நகரத்தை ஈர்க்கும் வலு அதிகம். மீனவ இளைஞர்களின் காவலுக்கு ஆழம் அதிகம். இரண்டும் தேவை. வனத் துறையும் சென்னையில் தன் சொந்தப் பொரிப்பகங்களை மறுபடி நடத்திவருகிறது.

மணல் முடியும் இடம்

இவ்வளவுக்குப் பிறகும் ஆமைகளின் நிலை பாதுகாப்பாக இருக்கிறதா என்றால், இல்லை. காரணம் மணலில் இல்லை, கடலில் இருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த உடல்கள். நீரில் மூச்சு முட்டிச் சாகும் ஆமையின் அடையாளங்கள் அவை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. கரைக்கு வந்து சேர்வது சாவின் ஒரு பகுதிதான். மீதி கடலிலேயே மூழ்கியோ நீரோட்டத்தில் போயோ மறைந்துவிடும்.

ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அமைதியாக இருக்கும்போது நீண்ட நேரம் மூச்சடக்கும். வலையில் சிக்கித் திமிறும்போது சேமித்த காற்று சீக்கிரம் தீர்ந்துபோகும். விசைப்படகுகள் இழுக்கும் மடிவலை மணிக்கணக்கில் கடலடியை வாரிக்கொண்டே போகிறது. நவம்பர் முதலே இனச்சேர்க்கைக்காகவும் முட்டையிடுவதற்காகவும் ஆமைகள் கரையோரக் கடலில் கூடியிருக்கும் அதே மாதங்களில், இழுவைப் படகுகளும் இறாலைத் துரத்திக் கரையை நெருங்குகின்றன. விபத்து என்று இதைச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில், அதே நீர்ப்பரப்பில் நடப்பதை முன்கூட்டியே தடுக்க முடியும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் முழு ஆமையாக வளர்ந்து முட்டையிடும் வயதை எட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அந்த வயதை எட்டவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். ஆக, வலையில் சாகும் ஒரு வளர்ந்த ஆமையை ஈடுகட்ட, நூறு முட்டைக் கூடுகள் பத்தை ஒரு முட்டையும் வீணாகாமல் பொரிக்கவைத்து, ஆயிரம் குஞ்சுகளைக் கடலில் விட வேண்டும். 2025 ஜனவரியில் ஒதுங்கிய உடல்களை மட்டும் ஈடுகட்டப் பத்து லட்சம் குஞ்சுகள் வேண்டும். எத்தனை இரவுகள் எத்தனை மாணவர்கள் நடந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. செத்த ஆமைகளை எண்ணிக் குறித்துவைக்க அவர்களால் முடியும்; படகை மறிக்க முடியாது.

படகை மறிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பங்குனி ஆமை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளின்படி, கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், இழுவைப் படகுகள் வலை போடக் கூடாது. ஆமை முட்டையிடும் பருவத்துக்கென்று தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசு நினைத்தால் படகுகளைக் கரையில் நிறுத்த முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால், அந்தத் தடை தொடங்கும்போது ஆமைப் பருவம் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஒடிஷாவில் முக்கியமான முட்டையிடும் கரைகளுக்கு எதிரே 20 கிலோமீட்டர் வரை நவம்பர் தொடங்கி மே முடிய ஏழு மாதம் மீன்பிடிக்கத் தடை விதிக்கிறார்கள். கடலோரக் காவல் படையும் ரோந்தில் இறங்குகிறது. அங்கும் ஆமைகள் சாகத்தான் செய்கின்றன. ஆனால், பருவம் தொடங்கும் முன்பே ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் சிக்கல் இரண்டு துறைகளுக்கு நடுவில் கிடக்கிறது. ஆமை வனத் துறையின் பொறுப்பு. படகு மீன்வளத் துறையின் பொறுப்பு. வனத் துறையின் கை மணலில் நீள்கிறது, கடலில் எட்டுவதில்லை. மீன்வளத் துறையிடம் விதி உண்டு. ஒன்பது கிலோமீட்டர் அகல நீர்ப்பரப்பை இரவும் பகலும் கண்காணிக்கும் அளவுக்கு ரோந்துப் படகும் ஆளும் இல்லை. 2025 சாவுகளுக்குப் பிறகு கூட்டு ரோந்து பற்றிய பேச்சு வந்தது. உடல்கள் ஒதுங்கிய பிறகு தொடங்கும் ரோந்தால் ஆமைக்குப் பயனில்லை. நவம்பரிலேயே அது கடலில் இருக்க வேண்டும்.

வலையிலேயே தீர்வு ஒன்றும் இருக்கிறது. இழுவலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பித் தடுப்பு அது. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து வலையின் அடிக்குப் போகும். ஆமை தடுப்பில் மோதி மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்சம் மீனும் அந்தத் திறப்பு வழியாகப் போய்விடும் என்பதால் படகு உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்தின் விலை அவர்கள் நினைப்பதைவிடப் பெரிது. ஆமைத் தடுப்பு இல்லாத வலைகளில் பிடித்த இறால் என்பதைக் காரணம் காட்டித்தான் அமெரிக்கா இந்தியாவின் கடல் இறாலுக்குக் கதவடைத்தது. தடுப்பை இலவசமாகப் பொருத்திக்கொடுத்து, இழப்புக்கு ஈடும் கொடுத்து, அதன்பிறகு பொருத்தாத படகின் உரிமத்தை நிறுத்துவதுதான் நியாயமான வரிசை. அபராதத்தில் தொடங்கினால் இது நடக்காது.

மீனவர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றம் சாட்டும் பழக்கம் நகரவாசிகளிடம் உண்டு. அது தவறு. கரையோரத்தில் கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் போகும் மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போவதும் அதே இழுவைப் படகுதான். ஐந்து கடல் மைல் விதியே முதலில் அவர்களுடைய வாழ்வாதாரத்துக்காக எழுந்த விதி. ஆமைக்கு அது கூடுதல் பயன். ஆமைக்காகப் பேசுகிறவர்களும் குப்பத்து மீனவர்களும் ஒரே கோரிக்கையில் நிற்க முடியும் என்பதைச் சென்னையின் தன்னார்வலர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அரசியல்வாதிகளின் காதில்தான் அது இன்னும் விழவில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு நுழையாதபடி மீன்வளத் துறை, வனத் துறை, கடலோரக் காவல் குழுமம் மூன்றும் ஒரே பொறுப்பு அதிகாரியின் கீழ் ரோந்து போக வேண்டும். விசைப்படகுகளில் பொருத்தப்படும் இருப்பிடம் காட்டும் கருவிகளின் பதிவுகளை அன்றன்றே சரிபார்க்க வேண்டும். அத்துமீறிய படகுகளின் எண்ணிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் பருவ முடிவில் வெளியிட வேண்டும். மாநகராட்சி, கடற்கரை விளக்குகள் எல்லாவற்றையும் கவிழ்த்து மறைப்புப் போட வேண்டும். கடலில் புதிய தடுப்புச் சுவர் எழுப்பும் ஒவ்வொரு திட்டத்திலும், அதற்கு வடக்கே எவ்வளவு மணல் அரிக்கப்படும் என்ற கணக்கை முதலில் கேட்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள் செய்யக்கூடியது அதைவிட எளிது. ஜனவரியிலிருந்து மே வரை, இரவு பதினொரு மணிக்கு மேல், கடலைப் பார்த்த மாடி விளக்கையும் தோட்ட விளக்கையும் அணைத்துவிடுங்கள். மணலில் வண்டி ஓட்டாதீர்கள். முட்டையிடும் ஆமையைக் கண்டால் செல்போன் வெளிச்சம் காட்டாமல் தள்ளி நில்லுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்த ஏழு கிலோமீட்டரை நடந்து பாருங்கள். பிறகு உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம், சென்ற பருவத்தில் ஐந்து கடல் மைலுக்குள் பிடிபட்ட படகுகள் எத்தனை என்று கேளுங்கள்.